கட்டம் போடுகிற வேலை

என் வேலை என்ன என்று யார் கேட்டாலும் அம்மா இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவாள்: “கட்டம் போடுறா.” கேட்டவர்கள் ஜாதகக் கட்டம் என்று எடுத்துக்கொள்வார்கள். பினாங்கின் தண்ணீர்மலைக் கோயிலில் ஒருநாள் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, “என் மவனுக்குச் சனி எப்பமா விலகும்?” என்று கேட்டார். விளக்கம் சொன்னால் படி இறங்கி முடியும்வரை சொல்லவேண்டும். “சீக்கிரம் விலகிடும், கவலைப்படாதீங்க” என்றேன். அவர் நிம்மதியாகப் போனார். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு ஆமாம் என்று தலையாட்டினாள்.

உண்மையில் நான் பட்டர்வொர்த்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எந்தக் கொள்கலன் எங்கே இருக்கிறது, எவ்வளவு எடை, எப்போது இறங்கும் என்பதையெல்லாம் வலைப்பக்கத்தில் அட்டவணையாகக் காட்டவேண்டும். தலைப்பைத் தட்டினால் வரிசை மாறும். விவரம் வராத கட்டம் தானாகச் சிவப்பாகும். சிவப்பைக் கண்டால் யாராவது போனை எடுத்து யாரையாவது திட்டுவார்கள், விவரம் வந்துவிடும். என் தொழிலின் தத்துவமே அவ்வளவுதான்.

ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியில், எங்களுக்கு நேர் கீழே ஓர் அத்தை இருக்கிறார். சொந்த அத்தை இல்லை. தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, காசு வாங்காமல் கல்யாணம் பேசி முடித்துவைப்பதை ஒரு விளையாட்டுப்போலச் செய்துவந்தார். பையன்கள், பெண்கள் விவரமெல்லாம் அவருடைய கைப்பேசியில் படங்களாகக் கிடந்தன. அதில் ஒருநாள் பிசகு ஏற்பட்டது. ஒரு வழக்கறிஞருடைய விவரத்தோடு தன் தம்பியின் பழைய படத்தை அனுப்பிவிட்டார். தம்பிக்கு இரண்டு பேரப்பிள்ளைகள். பெண் வீட்டார் “பையன் கொஞ்சம் முதிர்ச்சியா தெரியுறாரே” என்று மரியாதையாகப் பின்வாங்கினார்கள்.

அன்று சாயங்காலமே அத்தை மாடியேறி வந்தார்.

“நீதான் கட்டம் போடுறியே. என் புள்ளைங்களையும் ஒரு கட்டத்துக்குள்ள போட்டுக் குடு லா.”

அலுவலகத்தில் செய்த அட்டவணையையே நகல் எடுத்தேன். கொள்கலன் இருந்த இடத்தில் மாப்பிள்ளை. முதல் முறை திறந்து பார்த்தபோது அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

“எல்லாப் பையனும் ஒரே எடையா இருக்கானுங்களே?”

எடையை டன்னில் காட்டும் விதி அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ஒல்லியோ குண்டோ, பினாங்கின் எல்லா மாப்பிள்ளைகளும் 0.1 டன். அதைச் சரிசெய்தேன். இன்னொன்றைச் சரிசெய்யவில்லை. அதுதான் கதை.

அத்தை எழுதிவைத்திருந்த பெண்கள் விவரத்தில் ‘சமைக்கத் தெரியுமா’ என்று ஒரு கேள்வி உண்டு. பையன்கள் விவரத்தில் இல்லை. நான் இரண்டுக்கும் ஒரே சட்டகத்தைப் போட்டிருந்தேன். ஆகவே பையன்கள் பக்கத்திலும் அந்தத் தலைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் கீழே ஒரு கட்டத்திலும் ஒன்றுமில்லை. நிரலில் ஒரே வரி எழுதி அந்தச் செங்குத்துப் பத்தியை மறைத்திருக்கலாம். விரல்கூட விசைப்பலகைமேல்தான் இருந்தது. பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை சிவப்புத் தூண்போல் அழகாக இருந்தது. எழுந்து குளிக்கப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக் கூடத்தில் திறப்பு விழா. மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்துவிட்டு நான் ஓரமாக உட்கார்ந்தேன். பெண்ணைப் பெற்றவர்களும் பையனைப் பெற்றவர்களுமாகச் சோபா நிறைந்து, மிச்சப்பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்கள். பெண்கள் பக்கத்தை எல்லாரும் முறுக்கைக் கடித்துக்கொண்டே பார்த்தார்கள். பையன்கள் பக்கம் வந்ததும் முறுக்குச் சத்தம் நின்றது.

“என்னாமா இது, இவ்ளோ செவப்பு?” என்றார் அத்தை. “கல்யாணத்துல செவப்பு நல்லதுதான். இது ஆஸ்பத்திரி செவப்பா இல்ல இருக்கு!”

“விவரம் இல்லாத கட்டம் அப்படித்தான் தெரியும், அத்தை.”

பொறியியலாளர் மகனைப் பெற்ற ஒரு சீமாட்டி, அட்டவணையில் முதல் வரி தன் மகனுடையது என்பதால் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தவர், “அத எடுத்துடு லா. பையனுக்கு எதுக்கு அதெல்லாம்?” என்றார்.

பின்வரிசையில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை இருந்தார். அவர் மகள் மருந்தகத்தில் வேலை செய்கிறாள். “கேட்டா என்ன தப்பு? எம்மவளக் கேட்டீங்க, நான் சொன்னேன் இல்ல?” என்றார் மெதுவாக.

அறை இரண்டாகப் பிரிந்தது. எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை கட்சி சார்பே இல்லாதவர். ஆனால் தொழிற்சாலையில் காலமெல்லாம் தரம் பார்த்தவர். நிரப்பாத கட்டம் ஒன்று கண்ணில் பட்டால் அவருக்குத் தூக்கம் வராது. “கேட்டு ரொப்பிடுவோம்” என்று சொல்லி அங்கேயே போனை எடுத்தார்.

அந்த வாரம் முழுக்க அத்தை கேட்டதும், பையன்களைப் பெற்றவர்கள் சொன்னதும், நான் தட்டச்சு செய்ததும்! ஒரு தாய் “மீ கலக்குவான், பாக்கெட்டு நூடுல்ஸ்தான்” என்றார். இன்னொருவர், “தண்ணி சுட வைப்பான், அதுவும் கெட்டில்ல” என்றார். மூன்றாமவருக்குக் கோபமே வந்துவிட்டது: “அவன் நல்லா சாப்பிடுவான், அது போதாதா?” எதையும் மாற்றாதே, சொன்னதை அப்படியே போடு என்பது அத்தையின் உத்தரவு. ஒரு கட்டத்தில் ‘நல்லா சாப்பிடுவான்’ என்றே போட்டேன். நிஜமாகச் சமைப்பவனுக்கு மட்டும் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம், மற்றவர்களுக்குச் சிவப்பு அப்படியே.

இணைப்பை அத்தை எல்லாருக்கும் அனுப்ப, பெண் வீட்டார் அந்தத் தலைப்பைத் தட்டக் கற்றுக்கொண்டார்கள். தட்டினால் பச்சை மேலே ஏறும், சிவப்பு கீழே போகும். நிலம், வீடு, பட்டம் எல்லாம் இருந்த பொறியியலாளர் ஒரே தட்டில் அடிமட்டத்துக்குப் போனார். அவர் அம்மா மறுநாள் காலையிலேயே கூப்பிட்டார்.

“எம்மவன் ரசம் வெப்பான்.”

“எப்பருந்து?” என்றார் அத்தை.

“இன்னியிலருந்து.”

அத்தை வாய்ச்சொல்லை ஏற்கவில்லை. ருசி பார்க்காமல் பச்சை கிடையாது என்று ஒரு சட்டம் போட்டார். இப்படித்தான் எங்கள் குளிர்பெட்டி கல்யாணமாகாத ஆண்களின் சமையலால் நிறைந்தது. உப்பில்லாத சாம்பார், உப்பு மட்டும் இருந்த மிளகாய்ச் சம்பால், என்ன என்று யாருக்குமே தெரியாத ஒரு பச்சைக் குழம்பு. அம்மாவும் அத்தையும் ஆளுக்கொரு கரண்டியோடு நீதிபதிகள்போல் உட்கார்வார்கள். பொறியியலாளரின் ரசத்தை அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, “இது லிட்டில் இந்தியா வாழையில சாப்பாட்டுக் கடை ரசம். வாரா வாரம் குடிக்கிறேன், எனக்குத் தெரியாதா?” என்றார். சிவப்பு சிவப்பாகவே நின்றது. எனக்கு அந்த நாட்கள் ரொம்பப் பிடித்திருந்தன. அலுவலகத்திலிருந்து பசியோடு வருவேன்.

ஒரு சனிக்கிழமை வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். கையில் டிபன் கேரியர், மறு கையில் கைப்பேசி, முகத்தில் கடுப்பு. ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர். எங்கள் பட்டியலில் நடுவில் எங்கோ இருந்தவர்.

“ஆன்ட்டி, இந்த டேபிள் செஞ்சது யாரு?”

அம்மா என்னைக் கைகாட்டினாள், தயக்கமே இல்லாமல்.

“போன்ல தெறந்து பாருங்க” என்று நீட்டினார். பார்த்தேன். எனக்கு வேர்த்தது. சின்னத் திரையில் இடம் போதாவிட்டால் நடுப் பத்திகள் மறைந்துகொள்ளட்டும் என்று நான்தான் விதி போட்டிருந்தேன். படிப்பு, வேலை, உயரம் எல்லாம் மறைந்துபோய் முதல் பத்தியான பெயரும் கடைசிப் பத்தியான சமையலும் மட்டும், தலைப்புகூட வெட்டுப்பட்டு, நின்றன. அவர் பெயர். பக்கத்தில் பெரிய சிவப்பு.

“எங்க வேலையிடத்துல யாரோ லிங்க்க அனுப்பிட்டாங்க. எல்லாரும் என்னென்னு கேக்குறாங்க தெரியுமா? என்ன வியாதின்னு கேக்குறாங்க!”

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தேன். அத்தை சிரித்துவிட்டார். அப்புறம் அவரும் சிரித்தார். அவர் கண்ணெதிரிலேயே விதியை மாற்றினேன். விரலால் பக்கவாட்டில் தள்ளினால் எல்லாப் பத்தியும் வரும்படி செய்தேன். வெளியாள் திறக்காதபடி கடவுச்சொல்லும் போட்டேன். இதற்குள் அத்தை கேரியரைத் திறந்து புளி மீன் கறியை ருசித்திருந்தார். உடனே இன்னொரு வாய் எடுத்தார்.

“பச்ச போடு” என்றார் என்னிடம்.

ஆய்வுக்கூடக்காரர் பிறகும் இரண்டு மூன்று முறை வந்தார், ஒவ்வொரு முறையும் ஒரு கறியோடு. அம்மா புதுத் தட்டு எடுத்து வைக்க ஆரம்பித்தாள். என்னிடம் கேட்காமல் பெண்கள் பக்கத்தில் என் பெயரையும் சேர்க்கச் சொல்லி அத்தையிடம் விவரம் கொடுத்திருந்தாள். திறந்து பார்த்தால் ‘சமைக்கத் தெரியுமா’ என்ற இடம் காலி, பளீரென்ற சிவப்பு.

“அம்மா, இது என்னா?”

“பொய் சொல்ல முடியுமா? நீதானே சொன்ன, விவரம் இல்லாட்டி செவப்புன்னு.”

ஆய்வுக்கூடக்காரர் வந்ததற்குக் காரணம் நான் இல்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. ஆசிரியையின் மகளிடம் தன்னைப் பற்றி நல்லவிதமாகப் பேசும்படி அத்தையைக் கேட்கத்தான் கறியோடு வந்துகொண்டிருந்தார். ஒரு வாரம் எனக்கு எல்லார்மேலும் எரிச்சலாக வந்தது. ஏன் என்று அம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால், மீன் கறி நின்றுபோனதால் என்று சொல்லியிருப்பேன். அது பொய்யும் இல்லை. அவருக்கும் ஆசிரியையின் மகளுக்கும் கல்யாணம் ஆயிற்று. இப்போது வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்டேன். “அவர்தான். நான் வெங்காயம் நறுக்குவேன், அதுவும் அவருக்குப் புடிக்கிற மாதிரி வராது” என்றாள் அவள்.

பொறியியலாளர் இப்போது சாம்பார் வைக்கிறார். சொந்தச் சாம்பார்தான் என்று அத்தையே சான்று கொடுத்தார்.

போன மாதம் ஆசிரியை ஒரு புதுப் பத்தி கேட்டார்: ‘அம்மா பேச்சைக் கேட்பானா’, பத்துக்கு எத்தனை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லாரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. போட்டுக் காட்டினேன். அப்புறம்தான் சண்டை தொடங்கியது. பத்துக்குப் பத்து வாங்கியவன் மேலே வரவேண்டும் என்று பையன் வீட்டார். அவன்தான் கடைசியில் கிடக்கவேண்டும் என்று பெண் வீட்டார்.

தலைப்புக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி இருக்கிறது, ஒரு தட்டில் மேலே, மறு தட்டில் கீழே என்று காட்டிவிட்டு, தேத்தண்ணி கலக்க உள்ளே போனேன். கூடத்திலிருந்து ஆளாளுக்கு அம்புக்குறியை டக், டக் என்று தட்டும் சத்தம் விடாமல் கேட்டது. நடுவில் என் அம்மாவின் குரல்:

“ஏய், எங்கையில குடு லா! நான்தான் இந்த வூட்டுக்காரி!”