பஸ் ஸ்டாப்பில் படுத்திருந்தவருக்கு ஒரு பாய்

இருங்காட்டுக்கோட்டை தொழிற்பேட்டை பக்கம் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். வீடில்லாதவர்களைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றை இன்று வகுப்பில் வாசித்தேன். பிள்ளைகள் கலங்கிவிடுவார்கள் என்று தலைமை ஆசிரியர் தயங்கினார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

முதல் படத்தில் ஒருவர் பஸ் ஸ்டாப்பில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார்.

"ஏன் இங்க தூங்குறாரு?" என்று கேட்டேன்.

"நைட் ஷிப்ட் மிஸ். கம்பெனி பஸ்ஸுக்கு வெயிட் பண்றாரு" என்றது மொத்த வகுப்பும்.

"இல்லப்பா, அவருக்கு வீடே இல்ல."

கீர்த்தனா எழுந்தாள். அவள் வீட்டு மாடி முழுக்கத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்ட அறைகள்.

"எங்க மாடில ரெண்டு பேருக்கு ஒரு பாய்தான் மிஸ். டே ஷிப்ட் அண்ணன் எழுந்து போனா நைட் ஷிப்ட் அண்ணன் வந்து படுத்துக்கும். இவரும் ஏதாச்சும் ஒரு ஷிப்டுல வந்து படுத்துக்கட்டும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாடம் முடிந்தது என்று புத்தகத்தை மூடப் போனேன்.

அவள் உட்காரவில்லை. "ஆனா எங்கப்பா ஆதார் கார்டு கேப்பாரு. அதுல வூட்டு அட்ரஸ் இருக்கணும்."

"ஆமா."

"அப்போ வூடு இருந்தாதான் வூடு குடுப்பாங்களா மிஸ்?"

யாரும் கலங்கவில்லை. என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். மணி அடித்துக் காப்பாற்றியது.

நாளை முதல் பீரியடும் என்னுடையதுதான். பதில் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். 'ரூல்ஸ் அப்படித்தான்' என்பவர்கள் மட்டும் நேரில் வந்து கீர்த்தனாவிடமே சொல்லிக்கொள்ளுங்கள்.