கைப்பிடி அரிசியும் ஒரு செங்கல் பொட்டும்

போன மாதம் சபைக் கூட்டத்தில் நான் எழுந்து சத்தம் போட்டதை இன்னும் எங்கள் ஊர் பாக்கார் ஆராங்கில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கிழவனுக்குப் புத்தி தடுமாறுகிறது என்கிறார்களாம். சொல்லட்டும். எங்கள் வேதக்கோயில் கூரைக்கு ஓடு வாங்கிப் போட்டவன் நான். மூன்றாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கிப் போட்டவன், பிறகு ஏழு லாரிக்கு முதலாளியானவன். எனக்குப் புத்தி இருக்கிறதா இல்லையா என்று அந்த லாரிகளைக் கேட்டால் தெரியும்.

நடந்தது இதுதான். வேலை போன குடும்பங்களுக்கு அரிசி, எண்ணெய், சீனி கட்டிக் கொடுக்க வாலிபர்கள் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் டோக்கன் கொடுப்போம், டோக்கன் உள்ளவர்களுக்குப் பொட்டலம் என்றார்கள். "அப்படியாச்சும் ஆண்டவர் வார்த்தை காதுல விழட்டுமே, தாத்தா." நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்தத் திட்டத்தை அவர்களுக்கு முன்னால் கண்டுபிடித்தவன் நான். ஜப்பான்காரன் காலத்தில், செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில்.

அப்போது எனக்கு இருபது வயது. சயாமில் ரயில் பாதை போட வேண்டுமென்று தோட்டத்து ஆண்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என்னைத் தொடவில்லை. ஏன் தெரியுமா? நான் ஒரே வாரத்தில் ஜப்பான் பாஷையில் நூறுவரை எண்ணக் கற்றுக்கொண்டேன். மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளை எண்ணிக் கணக்குச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. ஆபீஸில் கணக்கெழுதும் படித்த கிராணிமாரே என்னிடம் வந்து கேட்டுக்கொண்டு போவார்கள்.

எங்கள் சபைப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, ஆண்டவருக்கென்று தனிப்பானையில் போடுவார்கள். ஞாயிறன்று கோயிலில் கொண்டுவந்து கொட்டுவார்கள். நல்ல காலத்தில் அதை விற்று, வேதம் சொல்லப் போகிறவர்களின் வழிச்செலவுக்குக் கொடுப்பார்கள். ஜப்பான்காரன் காலத்தில் பங்கீட்டு அரிசியே கைக்கு எட்டாதபோதும் அந்தப் பெண்கள் நிறுத்தவில்லை. கைப்பிடி மூன்று விரலாகச் சுருங்கியது, அவ்வளவுதான். அரிசி இல்லாத வீட்டிலிருந்து ஒரு துண்டு மரவள்ளி வரும்.

எங்கள் உபதேசியார் குள்ளமான மனிதர். தகரக்கூரை போட்ட அந்தச் சின்னக் கோயிலுக்கு ஊழியம் பார்த்தவர் அவர்தான். பானையைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "இத விக்க வேணாம். காய்ச்சிடுவோம். சயாமுக்குப் போனவங்க வீட்டுல அடுப்பே எரியல."

காய்ச்சுகிற பொறுப்பு என்னுடையது. ஒரு படி அரிசியை நாற்பது பேருக்குக் கஞ்சியாக்கும் வித்தை அந்த வட்டாரத்திலேயே எனக்குத்தான் தெரியும். மரவள்ளியைச் சீவிப்போட்டு, கீரையைக் கிள்ளிப்போட்டு, கரண்டியை விடாமல் கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும். தினமும் உச்சிவேளையில் கோயில் வாசலில் ஊற்றுவேன். வேதக்காரர்கள், சாமி கும்பிடுகிறவர்கள் எல்லாரும் கலயத்தோடு வருவார்கள்.

அந்தச் சமயத்தில் உபதேசியார் பீடோங் பக்கத்துத் தோட்டங்களுக்கு நடந்து போனார். அங்கே காய்ச்சலில் செத்தவர்களைப் புதைக்க ஆள் இல்லை. "பார்த்துக்கப்பா" என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனார். நான் பார்த்துக்கொண்டேன். எப்படி? முதலில் உள்ளே வந்து ஜெபத்தில் உட்காரவேண்டும், பிறகுதான் கஞ்சி என்று சட்டம் போட்டேன். உள்ளே வரும்போது நெற்றியில் திருநீறோ பொட்டோ இருக்கக்கூடாது என்றும் சேர்த்துக்கொண்டேன். எங்கள் பெண்கள் பொட்டு வைப்பதில்லை, அதனால் எனக்கு அது பெரிய காரியமாகவே தெரியவில்லை.

சனங்கள் கேட்டார்கள். வாசலில் முந்தானையால் துடைத்துவிட்டு வருவார்கள். போகும்போது மரத்தடியில் நின்று மறுபடி பூசிக்கொள்வார்கள். "ஆண்டவருக்கு ஒரு நெத்தி, முருகனுக்கு ஒரு நெத்தி, போதாதாலா?" என்று ஒரு கிழவர் என் காதுபடவே சொல்லிச் சிரித்தார். நான் கண்டுகொள்ளவில்லை. கோயில் நிறைந்திருந்தது. தினமும் தலைகளை எண்ணினேன், ஜப்பான் பாஷையிலேயே.

தோட்டத்து வரிசை வீடுகளில் கடைசி லயத்தில் ஒரு அக்கா இருந்தார். கைக்குழந்தைக்காரி. வீட்டுக்காரரைச் சயாமுக்குக் கொண்டுபோய் ஏழெட்டு மாதம். சேதி இல்லை. சட்டம் போட்ட அன்று அவரும் வரிசையில் நின்றார்.

"அக்கா, நெத்தியத் துடைச்சிட்டு உள்ள வாங்க."

"தம்பி, எங்க வீட்டுக்காரரு சயாமுல இருக்காரு."

"தெரியுமே. அதுக்கும் இதுக்கும் என்ன? துடைச்சா என்ன தேஞ்சா போயிடும்?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கலயத்தைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. திமிரு, பசித்தால் தானே வருவாள் என்று நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன்.

எட்டாம் நாள் உபதேசியார் வந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தது. நிறைந்த கோயிலைக் காட்டி, எத்தனை பேர் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"வராதது யாரு?" என்று கேட்டார்.

சொன்னேன். அக்காவின் பேச்சையும் என் பதிலையும் அப்படியே சொன்னேன். மெச்சிக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"டேய், புருசன் செத்தாத்தாண்டா அவங்க பொட்ட அழிப்பாங்க. அவன் உயிரோட இருக்கான்னு சொல்ல அவகிட்ட ஒரு கடுதாசி இருக்கா, தந்தி இருக்கா? அந்தப் பொட்டு ஒண்ணுதான் இருக்கு. ஒரு கரண்டி கஞ்சிக்கு அத அழிச்சிட்டு வான்னு சொல்லியிருக்கே."

"அப்ப ஊழியம் என்னாகும்?" என்றேன்.

"முதல்ல வாளியத் தூக்கு."

ரப்பர் பால் வாளி சுமக்கிற காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் கஞ்சி வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் வைத்தேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தைத் தாண்டும்போது ஒரே கேலி. "வேதக்காரன் கஞ்சி யாவாரத்துக்குக் கிளம்பிட்டான் பாருலா!" சட்டம் போட்டவனே வீட்டு வாசலுக்குச் சுமந்து வந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

அக்காவின் கதவு பாதி திறந்திருந்தது. குழந்தை மடியில் கிடந்தது. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது. அக்காவின் நெற்றியில் பொட்டு இருந்தது. கிட்டத்தில் பார்த்தபோதுதான் அது குங்குமம் இல்லை என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் குங்குமத்துக்கு எங்கே போவார்? செங்கல் துண்டைத் தண்ணீர் விட்டு உரசி வைத்திருந்தார். அந்தத் துண்டு அடுப்புப் பக்கத்தில் தேய்ந்துபோய்க் கிடந்தது.

"கஞ்சி கொண்டாந்திருக்கேன், அக்கா."

"இன்னிக்கு ஊத்துவே. நாளைக்கு என்ன கேப்பே?"

"ஒண்ணும் கேக்கமாட்டேன்."

"அன்னிக்குக் கேட்டியே."

மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அப்போது எனக்கு இல்லை, இப்போதும் சரளமாக வராது. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வெயில் பிடரியில் சுட்டது. அக்கா குழந்தையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். கலயத்தை எடுத்து உடனே நீட்டவில்லை.

"உங்க கோயில்ல பேரு சொல்லி வேண்டுவீங்களாமே. எங்க வீட்டுக்காரரு பேரச் சொல்லுவீங்களா? உசுரோட இருக்கிறவருன்னு சொல்லணும்."

"சொல்லுவோம்."

அப்புறம்தான் கலயம் நீண்டது. குழந்தைக்கு முதலில் விரலால் தொட்டு வைத்தார். அது சப்பியது. எனக்கு மூச்சு வந்தது.

அந்த ஞாயிறு உபதேசியார் சபை நடுவில் நின்று அக்கா வீட்டுக்காரர் பேரைச் சொல்லி வேண்டினார். ஒரு சாமியின் பேர் அது. சிலர் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். சட்டத்தை எடுத்துவிட்டதால் அன்று கோயிலில் பாதிக்கு மேல் காலி. நான் எண்ணவில்லை. அந்த வருஷக் கடைசியில் காய்ச்சலில் உபதேசியார் போய்ச்சேர்ந்தார். பிறகு அந்தப் பேரை நான் சொல்லிவந்தேன்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் வரவில்லை. செத்தார் என்றும் யாரும் வந்து சொல்லவில்லை. அக்கா பொட்டை அழிக்கவில்லை. குங்குமம் கிடைத்த பிறகு குங்குமம் வைத்துக்கொண்டார். கோயிலுக்குள் ஒருநாளும் வந்ததில்லை. அந்தக் குழந்தை வளர்ந்து என் லாரியில் முப்பது வருஷம் டிரைவராக இருந்தான். நான் வேலை கொடுத்தேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். என் கஞ்சியில் பிழைத்தவன் என்றும் சொல்லியிருக்கிறேன். எட்டு நாள் அவனைப் பட்டினி போட்டதைச் சொன்னதில்லை. கூட்டத்தில் அன்றைக்குத்தான் முதல்முறை சொன்னேன், அதுவும் சத்தம் போட்டு.

வாலிபர்கள் டோக்கனை விட்டுவிட்டார்கள். பொட்டலங்களை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறார்கள். காரில்தான், தோளில் இல்லை. பரவாயில்லை.

அக்கா போய் நான்கு வருஷமாகிறது. நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, சுமங்கலியாகத்தான் எடுத்தார்கள். அதற்கு அடுத்த ஞாயிறு ஜெபத்துக்கு எழுந்து நின்றேன். இனி யாருக்காக அந்தப் பேர் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். சொல்வோம் என்று வாக்குக் கொடுத்தேனே தவிர, எதுவரைக்கும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறவர் என்றே சொன்னேன்.