சிலோன் தேயிலை வாங்காதீர்கள்

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் நான் வேலை செய்கிற தொழிற்சாலையின் சாப்பாட்டறையில், பழம் அடைத்த ரின்னைத் திறக்குமுன் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பழுதாகிவிட்டதோ என்று பார்க்கிறார்களாக்கும் என நினைத்திருந்தேன். எந்த நாட்டுப் பழம் என்று பார்க்கிறார்கள் எனத் தெரிந்தது தாபோவால். தாபோ தென்னாபிரிக்கக் கறுப்பன். என்னைப்போல் தப்பி வந்தவன். பக்கத்து மெசினில் நிற்பவன். அவன் காய்ச்சலில் படுத்தபோது, நோயாளியைப் பார்க்க ஊரில் கொண்டுபோவதுபோல அப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். பையில் ஒட்டியிருந்த துண்டை வாசித்தவன், பையைக் கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து படுத்தான். அவன் நாட்டுப் பழம். பறிப்பது அவனுடைய சனம், காசு வெள்ளையனுக்கு. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இந்தக் கோடை தொடங்கும்போது டென்மார்க் பாராளுமன்றம் சட்டம் போட்டது. கறுப்பரை ஒடுக்குகிற தென்னாபிரிக்காவிடம் எதுவும் வாங்கவும் கூடாது, அங்கே எதுவும் விற்கவும் கூடாது. போர்மன் கேக் வாங்கி வந்து தாபோவின் கையைக் குலுக்கினார். குலுக்கிய கையோடு என் கையையும் பிடித்து, உங்கள் நாட்டுக்கு நல்லகாலம் வந்துவிட்டது என்றார். நான் சிலோன் என்றேன். "ஓ, நல்ல தேநீர்" என்றார்.

தாபோ கேக்கைத் தொடவில்லை. அவனுடைய தம்பி அங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். டென்மார்க் எரித்ததும் அந்தக் கரியைத்தான்.

கோல்டிங் நகரில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு இந்தச் சட்டம் தலைக்கேறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் கூடினோம். முன்பு யாழ்ப்பாணத்தில் வாத்தியாராக இருந்த செல்வராசா அண்ணைதான் பேச்சைத் தொடங்கினார். "கறுப்பருக்குச் செய்தவங்கள் எங்களுக்கும் செய்வாங்கள். சிலோன் தேயிலையை நிப்பாட்டச் சொல்லிக் கேப்பம். அரசாங்கத்துக்கு அப்பதான் நோகும்." சனிக்கிழமை கடைவாசலில் 'சிலோன் தேயிலை வாங்காதீர்கள்' என்று அட்டை பிடிப்பதென்று முடிவாயிற்று. நானும் ஓம் என்று தலையாட்டினேன். ஊரில் குண்டு விழுகிறது. எதையாவது செய்யத்தானே வேண்டும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். பார்வதி மலையகத்துப் பெண். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கிளாக்கராக இருந்தபோது காதலித்துக் கட்டியவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் இன்றைக்கும் கொழுந்து பறித்துக்கொண்டு அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான் இருக்கிறார்கள். தேயிலை விற்காவிட்டால் முதலில் காய்வது அமைச்சரின் வயிறு அல்ல, அவர்களுடையது. அது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் தலையாட்டிவிட்டு வந்ததுதான் அவளுக்குச் சுட்டது.

"சிலோன் அரசாங்கம் எங்க தோட்டத்து சனங்க குடியுரிமைய பறிச்சப்ப யாழ்ப்பாணத்து உங்க ஆளுங்க எத்தன பேரு அட்டை புடிச்சாங்க?" என்று கேட்டாள். "நீங்க வேணும்னா பட்டினி கிடங்க. எங்கப்பாவ பட்டினி போட நீங்க யாரு?"

அடுத்தநாள் தாபோவிடம் போய், பார்வதி கேட்டதைச் சொன்னேன். நாடுகள் ஒவ்வொன்றாக வாங்குவதை நிறுத்தியதில் சுரங்கத்தில் ஆட்களைக் குறைத்து, தம்பியையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அப்படியென்றால் சட்டம் பிழையா என்று எங்கள் அரைகுறை டேனிஷில் கேட்டேன்.

"இல்லை. கரி வாங்காதே என்று கேட்டதே அவர்களுடைய தொழிலாளர் சங்கம்தான். தம்பியும் அதற்குக் கையுயர்த்தியவன்" என்றான். "ஆனால் நிறுத்துவது பாதிதான். எங்களிடமிருந்தே நியாய விலைக்கு வாங்கு, இத்தனை காலம் எடுத்ததைத் திருப்பிக் கொடு என்றொரு சட்டம் வேண்டும். அதற்கு யார் கேக் வெட்டுவார்கள்?" பிறகு கேட்டான்: "உன் மாமனாரிடம் யாராவது கேட்டீர்களா?"

கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவுமில்லை.

என்றாலும் சனிக்கிழமை கோல்டிங் போனேன். போகாவிட்டால் துரோகி என்பார்கள்; அந்தப் பட்டம் எங்களிடையே எவ்வளவு மலிவு என்று புலம்பெயர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழைத் தூறலில் ஆறேழு பேர் நின்றோம். டேனிஷ்காரர் வாசித்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

பார்வதி அடுத்த பஸ்ஸில் வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் எங்களுக்கு நடுவால் நடந்து கடைக்குள் போனாள். வெளியே வந்தபோது பையில் சிலோன் தேயிலைப் பெட்டிகள் தெரிந்தன. செல்வராசா அண்ணை மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் அட்டையை வாசித்துக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி, இந்தப் பெண்ணும் உங்கள் நாடா என்று கேட்டாள். ஓம், என் மனைவி என்றேன். நான் பகிடி விடுவதாக நினைத்துச் சிரித்தாள்.

கிரின்ஸ்டெட் பஸ் அடிக்கடி வராது. தரிப்பிடத்தில் பார்வதி பையை என்னிடம் நீட்டினாள். பாரமான பையை நான் தூக்குவதுதான் எங்கள் வழக்கம். ஒரு கையில் அட்டையும் மறுகையில் தேயிலையுமாக மழைக்குள் நின்றேன்.