மேல்தளத்தில் தூறல் சத்தம்

பேய் என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து டீ போடப் போய்விடுகிற ஆள் நான். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, நானே நம்பியிருக்க மாட்டேன்.

போன குளிர்காலத்தில், நாங்கள் குடியிருக்கும் அமெரிக்காவின் பிரிட்ஜ்வாட்டரிலிருந்து நான், கணவர், ஆறு வயது மகள் நிலா மூவரும் ஜப்பான் போனோம். மலைக் கிராமம், ஆளுயரப் பனி, கூரை வேய்ந்த பழைய பண்ணை வீடு. நடுக்கூடத்தில் தரையிலேயே அடுப்பு, அதன் புகை மரப்பலகை இடுக்கு வழியாக மேல்தளத்துக்குப் போகும். அங்கேதான் ஒரு காலத்தில் பட்டுப்புழு வளர்த்தார்களாம். இப்போது வெறும் தட்டுகள்தான் இருக்கின்றன என்று வீட்டுக்காரப் பெரியவர் போனில் மொழிபெயர்த்துக் காட்டினார். கோபிப் பக்கம் என் பிறந்த வீட்டிலும் பட்டுப்புழு வளர்ப்புதான், அதனால் எனக்கு ஒரே குஷி.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் பழக்கதோஷத்தில் அடுப்போரம் ஊதுபத்தி ஏற்றினேன். அப்போதுதான் மேலே தூறல் போடுவது போலக் கேட்டது. வெளியே பனி சத்தமே இல்லாமல் கொட்டுகிறது, தூறல் எங்கிருந்து வரும்? ஆயிரக்கணக்கான புழுக்கள் இலை தின்னும் சத்தம் அது, எனக்குத் தெரியாதா! ஊதுபத்திப் புகை இடுக்கில் நுழைந்ததும் சத்தம் சட்டென்று நின்றது. எங்கள் வீட்டில் புழு வளர்க்கிற மனைக்குள் பவுடர் வாசனையைக்கூட விடமாட்டோம், புழு செத்துப்போகும்.

திரும்பினால் நிலாவைக் காணோம்.

"ஏனுங்க, பாப்பா எங்க?"

"இங்கதான ஐபேட் பாத்துட்டு இருந்தா!"

ஏணியில் விழுந்தடித்து ஏறினேன். வெறும் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள், உடம்பு ஐஸாக இருந்தது, கண் இமைக்கவில்லை.

"அம்மா, தே ஸ்டாப்ட் ஈட்டிங்," என்றாள்.

வாரித் தூக்கிக்கொண்டு இறங்கினால், பெரியவர் ஊதுபத்தியைச் சாம்பலில் அமுக்கிவிட்டு மேல்தளத்தைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். என்னை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

காற்று என்கிறார் கணவர். சரி, காற்றாகவே இருக்கட்டும். ஊருக்குத் திரும்பியதிலிருந்து மாதத்தில் ஓரிரு நாள் நிலா சாப்பாட்டைத் தொடமாட்டாள். அன்று தூங்கும்போது அவள் தலை தலையணையில் படுவதில்லை, கழுத்தைத் தூக்கி, அசையாமல், விடியும்வரை அப்படியே இருக்கிறாள். டாக்டர் எல்லாம் நார்மல் என்கிறார்.

தோலுரிக்கப் போகிற பட்டுப்புழு இப்படித்தான் தலையைத் தூக்கிக்கொண்டு கிடக்கும். அந்த நேரத்தில் தொடக்கூடாது, தொட்டால் பிழைக்காது. பெற்ற பிள்ளையின் தலையைத் தாங்கிச் சாய்த்துவைக்க எனக்கு இன்னும் கை வரவில்லை.