கிளைக்குழாயும் வாஷரும்

தெருவில் அவருக்குப் பெயர் வாஷர். எந்தக் குழாய் ஒழுகினாலும் ஸ்பானரை எடுக்கும் முன்பே "வாஷர் போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிடும் பிளம்பர். தனக்கென்று எழுதிக் கொடுத்த பிரஷர் மாத்திரையை மட்டும் தொடமாட்டார். பிரஷரெல்லாம் தண்ணீர் சமாசாரம் என்று நினைப்பு.

அன்று காலை பல் விளக்கும்போது வலது கையிலிருந்து பிரஷ் நழுவியது, பேச்சு குழறியது. "விடிஞ்சதும் ஆரம்பிச்சாச்சா?" என்று மனைவி அவர் வாயை மோந்து பார்த்தாள். பேஸ்ட் வாசனை. குடிக்காமலே குழறுகிறார் என்று தெரிந்த பிறகுதான் அவரைத் தெருவுக்கு இழுத்து வந்தாள். வண்டி பிடித்தாள்.

மதியத்துக்குள் கை ஓரளவு தேறிவிட்டது. வாஷர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுந்து சட்டையை மாட்டினார். "மூளையில ஒரு பொட்டு அடைப்பு, அவ்வளவுதானே? கிளைக்குழாய் அடைச்சா ஒரு பைப்புதான் காயும். நான் கிளம்பறேன்."

டாக்டரம்மா ஸ்கேன் படத்தை நீட்டினாள். "உக்காருங்க. இதுல வகை இருக்கு. ஆழத்துக்குப் போற நூல் மாதிரி ரத்தக்குழாய், பல வருஷப் பிரஷர்ல தானே தடிச்சு அடைஞ்சா சின்னப் பொட்டாத் தெரியும். பெரும்பாலும் அதோட நிக்கும். இன்னொண்ணு, பெரிய குழாய்ல இருந்து அது பிரியற வாயிலேயே கொழுப்பு உக்கார்றது. அப்ப கிளை மொத்தமும் காயும். உங்களுது அடியில இருந்து நீளமா, அடுத்தடுத்த படத்துலயும் வருது. ரெண்டாவது வகை மாதிரிதான் இருக்கு. ரெண்டு மூணு நாளைக்கு மோசமாகலாம். கை மொத்தமா விழுந்தாலும் விழும்."

"மெயின் லைன், அந்தப் பெரிய குழாய், சுத்தம்னு காலையில நீங்கதானே சொன்னீங்க?"

"படத்துல தெரியாத கொழுப்பே அந்த வாயை அடைக்கப் போதும்."

"வாயிலதானே? கம்பி விட்டுக் குத்திட்டு அனுப்புங்க."

"கம்பி விட்டா குழாய் கிழியும். அப்புறம் உங்களை அனுப்பற இடமே வேற."

வாஷர் சட்டையைக் கழற்றினார். ஆனால் மனசுக்குள் காலையில் கிளம்பிவிடுவதாகவே திட்டம்.

மாலையில் நர்ஸ், "ரெண்டு கையையும் தூக்குங்க" என்றாள். வாஷர் விரல்களைக் கோத்து, சோம்பல் முறிப்பவர் போல உயர்த்தினார். நர்ஸ் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். மனைவி நகரவில்லை. இந்த மனுஷன் இப்படி அழகாகச் சோம்பல் முறித்து அவள் பார்த்ததே இல்லை.

"ஏங்க, இடது கையை விடுங்க."

"சும்மா இருடி."

அவளே அதைப் பிடுங்கினாள். வலது கை பொத்தென்று மெத்தையில் விழுந்தது. "சிஸ்டர்!" என்று அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வார்டும் எழுந்தது.

கட்டிலின் தலைமாட்டைத் தாழ்த்தினார்கள், சலைன் ஏற்றினார்கள், ரத்தம் உறையாமலிருக்க இன்னொரு மாத்திரை சேர்த்தார்கள். "காட்டிக் குடுத்துட்டியே" என்றார் வாஷர், பாதி வாயால்.

"ஆமா. இன்னமும் குடுப்பேன்."

மூன்று நாள் கை அதற்கு மேல் மோசமாகவில்லை, தேறவும் இல்லை. நாலாம் நாள் அவள் அவர் வாயைத் துடைத்தபோது, செத்துக் கிடந்த கை மெல்ல வந்து துணியைத் தள்ளியது. "நானே தொடைச்சுக்குவேன்."

"தொடைங்க" என்று துணியை அந்தக் கையிலேயே திணித்தாள். துணி நழுவி மடியில் விழுந்தது. அவள் எடுத்துத் தரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் திட்டிக்கொண்டிருக்க, வலது கை விரல்கள் துணியைத் தேடத் தொடங்கின.