ருசி பார்க்காத பட்லர்

அடையாற்றுப் பங்களா ஒன்றில் பட்லராக இருந்த மர்சலினுடைய மனைவி ஆனி, யாரையும் லேசில் நம்புகிறவள் அல்ல. மீன்காரி கங்கம்மா செவுளைத் தூக்கிக் காட்டினாலும் போதாது. மோந்து பார்த்துத்தான் மீன் வாங்குவாள். அப்படிப்பட்ட மூக்கு, புருஷன் கையில் ஜின் வாடை அடித்தால் சும்மா இருக்குமா?

மகள் பிலோமி டைபாய்டில் கிடந்தபோது, இனி ஒரு சொட்டும் நாவில் வைப்பதில்லை என்று மர்சலின் லஸ் கோயில் மாதாவிடம் சத்தியம் செய்திருந்தான். பிள்ளை பிழைத்தாள். சத்தியம் முறிந்தால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று ஆனிக்குப் பயம். அதனால் தினமும் அவன் வாயை மோந்துவிட்டுத்தான் சோறு போடுவாள்.

முப்பத்துநாலாம் வருஷம் புதுத் துரை வந்தார். பழையவருக்கு விஸ்கியில் சோடா ஊற்றினால் போதும். இவருக்கோ மதுவில் இதையும் அதையும் கலந்து செய்கிற காக்டெயில் வேண்டும். அன்றிலிருந்து மர்சலின் போக்கே சரியில்லை. ஆனி சைதாப்பேட்டைச் சந்தைக்குக் கிளம்பினால் அவன் முகம் மலர்ந்தது. திரும்பி வந்தால் எலுமிச்சம்பழம் குறைந்திருக்கும், பித்தளைக் கூஜா ஈரமாக இருக்கும். நம் ஆனியா விடுவாள்? ஒரு நாள் பாதி வழியில் திரும்பி வந்தாள். பங்களாவின் பின்கட்டில் அவர்கள் குடியிருந்த அறை சாத்தியிருந்தது. உள்ளே கடகடவென்று சத்தம். கதவைத் தள்ளினால், கூஜாவைத் துண்டில் சுற்றித் தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்கிக்கொண்டிருக்கிறான் மனுஷன்!

"குடிச்சியா?"

"பிலோமி மேல ஆணை. வாயில வக்கல ஆனி."

மோந்து பார்த்தாள். வெற்றிலை வாடைதான். அது எதை மறைக்கவோ என்று அடுத்த சந்தேகம் பிடித்துக்கொண்டது.

மர்சலின் தலையில் கைவைத்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினான். பழச்சாறு சேர்த்தால் ஐஸ் போட்டுக் குலுக்க வேண்டுமாம். வெறும் மது வகைகள் என்றால் நீளக் கரண்டியால் நிதானமாகக் கலக்க வேண்டும். அப்புறம் ஐஸ் விழாமல் வடித்து, குளிரவைத்த கிளாஸில் ஊற்ற வேண்டும். அதெல்லாம் கைவந்துவிட்டது. எலுமிச்சைதான் காலை வாரியது. ஒன்று புளிக்கிற மாதிரி இன்னொன்று புளிப்பதில்லை. ருசி பார்க்காமல் சர்க்கரைப் பாகு எவ்வளவு விடுவது? துரை ஏற்கெனவே கிளாஸைத் திருப்பி அனுப்பி எச்சரித்துவிட்டார். சனிக்கிழமை விருந்தும் கெட்டால் வேலையும் போகும், இந்த அறையும் போகும்.

ஆனி அதையும் நம்பவில்லை. கூஜாவுக்குள் விரலை விட்டு நக்கினாள்.

"ஐய, இன்னா இவ்ளோ புளிப்பா கீது? பாகு ஊத்து."

சொன்ன பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனிதான் முதலில் சொன்னாள். "மாதாகிட்ட சத்தியம் பண்ணது நீ. நானில்ல."

சனிக்கிழமை அவள் சமையற்கட்டின் பின்வாசலில் நின்றாள். மர்சலின் கரண்டி கரண்டியாக நீட்டினான். பாகு விடு, போதும், இன்னும் ரெண்டு சொட்டு சாறு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கிளாஸ்கள் காலியாகத் திரும்பின. வேலை நிலைத்தது. அப்புறம் விருந்துக்கு விருந்து அவள் அங்கே நின்றாள்.

கோடைக்காலத்தில் துரை ஊட்டிக்குப் போய்விட்டார். பங்களா பூட்டிக் கிடந்தது. சாயங்காலம் சோற்றுக்கு உட்கார்ந்த மர்சலின் வழக்கம்போல் வாயை நீட்டினான். ஆனி மோந்து பார்க்க மறந்து, ஜன்னல் வழியே பங்களாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ருசி பாக்க ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டாள்.

மர்சலின் தட்டைத் தள்ளி வைத்தான். எழுந்து போய், முதல் தடவையாக அவள் வாயை மோந்து பார்த்தான்.