எண்ணூறு சிசி தாய்மாமன்

என் கார் எண்ணூறு சிசி, மூன்று சிலிண்டர், நாலு கியர், பெட்ரோல். தம்பியின் கார் ஆயிரத்து நானூறு சிசி, நாலு சிலிண்டர், ஐந்து கியர், டீசல். இரண்டுக்கும் இருபது வயது தாண்டிவிட்டது. என்னுடையதிலும் ஏசி உண்டு. லாரியை முந்த வேண்டுமென்றால் அதை அணைக்க வேண்டும், அவ்வளவுதான்.

எது ஒசத்தி என்ற வழக்கு பெரம்பலூரில் எங்கள் வீட்டு வாசலில் வருடக்கணக்காக நடந்தது. தங்கையின் இரண்டாவது மகளுக்குக் காது குத்தும் நாளில் அது தீர்ப்புக்கு வந்தது. மூத்தவளுக்கு என் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தினார்கள். பெரிய தாய்மாமன் நான், இவளும் எனக்கே என்றேன்.

"அப்ப நான் என்ன, எல எடுக்கவா வரேன்?" என்று தம்பி முறுக்கிக்கொண்டான்.

அரியலூரிலிருந்து தங்கை போனில் சொன்னாள்: "ரெண்டு பேரும் என் மானத்த வாங்காதீங்க. சீரோட யாரு மொதல்ல மண்டப வாசல்ல வந்து நிக்கிறீங்களோ, அவங்க மடியிலதான் புள்ள."

'மொதல்ல' என்பதை மட்டும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். போனில் இரண்டு கார்களின் விவரங்களையும் தேடிப் படித்தேன். என் கார் அறுநூற்றைம்பது கிலோ. அவனுடையது ஆயிரத்துக்கும் மேல். ஆக, எடைதான் எதிரி. தொண்ணூறு கிலோவான என்னை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதை அந்தப் பக்கத்தில் சொல்லவில்லை.

காலையில் தம்பியிடம் குழைந்தேன். "டிக்கி உன்னுதுலதாண்டா பெருசு."

வாழைத்தார், தேங்காய், பழத்தட்டுகள், பட்டுப்பாவாடை, இரண்டு சித்திகள் எல்லாம் அவன் காருக்குப் போயின. என் மனைவியும் அதிலேயே ஏறினாள். "அதுலதாங்க ஏசி நிக்காம ஓடும்."

காலி காரில் பறந்தேன். வழியெங்கும் சுண்ணாம்புக்கல் லாரிகள். ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, ஒவ்வொன்றாக முந்தினேன். அரியலூர் மண்டபத்தில் இறங்கியபோது தலை, மீசை, சட்டை எல்லாம் வெள்ளை. தாய்மாமன் வந்துவிட்டான் என்று மேளம் தொடங்கியது. ஆரத்தித் தட்டோடு வந்த தங்கை காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சீர் எங்கண்ணே?"

"பின்னாடி வருது."

"அப்ப நீயும் பின்னாடியே வா."

மேளம் நின்றது. காரில் சாய்ந்து நின்றேன். "என்ன மாப்ள, வண்டி நின்னுடுச்சா?" என்று போகிறவர்கள் எல்லாம் விசாரித்தார்கள். வாழ்நாளில் முதல்முறையாக நிற்காமல் வந்த வண்டி, பாவம்.

கால் மணி நேரம் கழித்துத் தம்பியின் கார் மெதுவாக உறுமிக்கொண்டு வந்தது. மறுபடி மேளம், ஆரத்தி. அவன் சீர்த்தட்டுகளை ஒவ்வொருவரிடமும் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, சும்மாதான நிக்கிற? இந்த வாழத்தாரப் புடி."

தார் சுமந்து அவன் பின்னால் போனேன். மனைவி பக்கத்தில் வந்து, "சீக்கிரம் வந்துட்டீங்க போல?" என்றாள்.

குழந்தை தம்பி மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் துள்ளினாள். "யாராவது காலப் புடிங்க!" என்றார். தாரை இறக்கிவைத்துவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தேன். என் தாடையில் விட்டாள் ஓர் உதை.

ஒன்பது கிலோதான் இருப்பாள். எங்கள் இரண்டு கார்களிலும் இல்லாத இழுவை அந்தக் காலில் இருந்தது.